ரோட்ஸ் பழைய நகரில் நைட்டுகளின் தடம்: ஒன்றரை நாள் நடைக்கு வழி கேட்டு

வழிப்போக்கன் எழுதியது:

செப்டம்பர் கடைசியில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஒன்றரை நாள் தங்குகிறோம். கடற்கரை, படகுச் சவாரி எதுவும் திட்டத்தில் இல்லை. பழைய நகரத்துக்குள் இருக்கும் நைட்டுகளின் கட்டடங்களையும் அந்தக் காலத்துத் தேவாலயங்களையும் நடந்தே பார்க்க வேண்டும். டெம்ப்ளர்கள் கட்டிய கோட்டை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், சரியா? எங்கே தொடங்கி எந்த வரிசையில் போவது, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? அம்மாவும் வருகிறார், வயது 70. சமதளத்தில் நன்றாக நடப்பார், படிகள்தான் சிரமம்.

மதிலோரம் எழுதியது:

டெம்ப்ளர் இல்லை நண்பரே, அது வேறொரு போர்த்துறவிச் சபை. காணொளிகளில் ஓயாமல் வரும் பிழை இது. ரோட்ஸை ஆண்டவர்கள் ஹாஸ்பிட்டலர்கள், அதாவது புனித யோவான் சபையினர். ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்திய துறவிகளாகத் தொடங்கி, பிறகு வாளும் எடுத்தவர்கள். 1291இல் பாலஸ்தீனக் கரையில் சிலுவைப்போராளிகள் வைத்திருந்த ஆக்கர் நகரம் விழுந்ததும் சைப்ரஸுக்குப் போனார்கள். 1306இல் ரோட்ஸ் தீவில் இறங்கி 1309இல் நகரைப் பிடித்தார்கள். 1522 டிசம்பரில் துருக்கிய சுல்தான் சுலைமானிடம் நகரை ஒப்படைத்துவிட்டு 1523 ஜனவரி 1 அன்று கப்பலேறினார்கள். டெம்ப்ளர் சபை 1312இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதன் சொத்தில் பெரும்பகுதி இவர்கள் கைக்கு வந்ததால்தான் இரண்டு பெயரும் குழம்புகின்றன.

வரிசைக்கு முன்னால் நகரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சுமார் 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் இரண்டு நகரங்கள் இருந்தன. வடக்கே கொல்லாக்கியம்: சபையினர் மட்டும் வாழ்ந்த பகுதி. அரண்மனை, மருத்துவமனை, விடுதிகள், பேராலயம் எல்லாம் இங்கே. தெற்கே பூர்கோ: கிரேக்கர், யூதர், மேற்கத்திய வணிகர் வாழ்ந்த ஊர். இடையே ஒரு உள்மதில் ஓடியது, அதன் மிச்சங்கள் இன்றும் வீடுகளுக்கு நடுவே தெரிகின்றன. சொக்ராதூஸ் கடைத்தெருவில் நின்றால் அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே நிற்கிறீர்கள்.

முதல் நாள் கொல்லாக்கியம். மந்திராக்கி துறைமுகப் பக்கமிருந்து எலெஃப்தெரியாஸ் வாசல் வழியாக நுழையுங்கள். இது 1924இல், அப்போது தீவை ஆண்ட இத்தாலியர் திறந்த வாசல், நைட்டுகளுடையது அல்ல. ஆனால் படியில்லாத வழி, அம்மாவுக்கு நல்லது. உள்ளே வந்ததும் கி.மு. 3ஆம் நூற்றாண்டு அஃப்ரோதித்தி கோயிலின் அடித்தளம். அதைத் தாண்டி ஆர்கிரோகாஸ்ட்ரோ சதுக்கம், 1507இல் கட்டிய ஓவெர்ன் விடுதி. அடுத்து அருங்காட்சியகச் சதுக்கம். இங்கே வலப்பக்கம் இருக்கும் பெரிய கட்டடம்தான் மருத்துவமனை. இன்று தொல்பொருள் அருங்காட்சியகம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பிறகு நைட்டுகள் தெருவில் மேலே ஏறி அரண்மனை. இரண்டாம் நாள் காலை அகழி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இந்த ஊரில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கல்முத்திரை எழுதியது:

மருத்துவமனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுகிறார்கள் பலர். கட்டடமே முதல் அருங்காட்சிப் பொருள். சபைத் தலைவர் அந்தோனி ஃப்ளுவியா இறக்கும்போது இதற்கென 10,000 ஃப்ளோரின் பொன் விட்டுப்போனார். அவருக்கு அடுத்து வந்த ழான் தெ லாஸ்திக் 1440இல் தொடங்கினார். பியேர் தொபுஸோன் 1489இல் முடித்தார்.

உள்ளே போவதற்கு முன் வாசலுக்கு மேலே பாருங்கள். சுவரை விட்டு வெளியே பல்கோண வடிவில் ஒரு பகுதி துருத்திக்கொண்டு நிற்கும். நோயாளிகள் கூடத்தில் இருந்த சிற்றாலயத்தின் பீடப்பகுதி அது. அதில் இரண்டு வானதூதர்கள் சபையின் கேடயத்தைத் தாங்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மேலே ஏறி அந்த நீண்ட கூடத்துக்குப் போனதும் இந்தப் பொருத்தம் புரியும்: படுக்கையில் கிடந்தவர்கள் எழாமலே பூசையைப் பார்க்கும்படி சிற்றாலயம் கூடத்தின் நீளப்பக்கத்தில், வாசலுக்கு நேர் மேலே திறந்திருக்கிறது. நடுவே ஒரே வரிசைத் தூண்கள் கூடத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. சுவரின் கனத்துக்குள் தாழ்ந்த கதவுகளோடு சன்னலில்லாத சின்னஞ்சிறு அறைகள். கூடத்தில் வைத்திருக்கும் நைட்டுகளின் கல்லறைப் பலகைகளையும் விடாதீர்கள். நகரின் தேவாலயங்களில் புதைக்கப்பட்டவர்களின் முகங்களும் சின்னங்களும் கண்மட்டத்தில் பார்க்கக் கிடைப்பது இங்கேதான்.

அடுத்தது நைட்டுகள் தெரு. நீளம் சுமார் 200 மீட்டர், அகலம் 6 மீட்டர் அளவுதான். வேகமாக நடந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படித்தான் கூட்டம் கடந்துபோகிறது. முக்கால் மணி நேரம் கொடுங்கள். தெரு ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுவதால், செப்டம்பரில் காலையில் வெயில் தெருவின் நீளத்தோடு சாய்ந்து சுவர்களை உரசிக்கொண்டு போகும். கேடயங்களின் கோடுகள் அப்போது எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், படமும் நன்றாக வராது.

கேடயங்களைப் படிக்க ஐந்து சின்னங்கள் தெரிந்தால் போதும். கல்லில் நிறம் போய்விட்டதால் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். வெறும் சிலுவை, கைகள் நான்கும் கேடய விளிம்பைத் தொடும்: அது சபையின் சின்னம், சிவப்பில் வெள்ளைச் சிலுவை. சிலுவையின் நான்கு முனைகளும் பிளந்து வெளிப்பக்கம் வளைந்திருந்தால் தொபுஸோன், 1476 முதல் 1503 வரை தலைவர். நெட்டுக்குத்தான பட்டைகள் எமெரி தாம்புவாஸ், 1503 முதல் 1512 வரை. சாய்வான பட்டைகள் ஃபப்ரித்ஸியோ தெல் கரெத்தோ, 1513 முதல் 1521 வரை. சாய்வுப் பட்டைகளுக்கு மேலே ரோசாப்பூ இருந்தால் அது ஓர்சினி, 1467 முதல் 1476 வரை. இந்தக் கடைசி இரண்டையும்தான் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். பூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பமில்லை.

தலைவர்களின் கேடயம் பெரும்பாலும் நான்காகப் பிரிந்து, இரண்டு கட்டத்தில் சபைச் சிலுவையும் இரண்டில் குடும்பச் சின்னமும் இருக்கும். இன்னொரு நல்ல அடையாளம்: தொபுஸோன் 1489இல் கர்தினால் ஆனார். அவர் கேடயத்துக்கு மேல் குஞ்சம் தொங்கும் அகன்ற தொப்பி செதுக்கியிருந்தால் அந்தக் கல் 1489க்குப் பிந்தியது. தொப்பி இல்லாவிட்டால் பெரும்பாலும் முந்தியது.

வழிப்போக்கன் எழுதியது:

மிக்க நன்றி. விடுதிகளுக்கு உள்ளே போக முடியுமா? "இத்தாலி மொழி", "பிரான்சு மொழி" என்று வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள், அது என்ன?

கல்முத்திரை எழுதியது:

சபையினர் பிறந்த நாட்டை வைத்துக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள், அந்தக் குழுவின் பெயர்தான் மொழி. புரொவான்ஸ், ஓவெர்ன், பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து, ஜெர்மனி என்று ஏழு. 1462இல் ஸ்பெயின் மொழி அரகோன் ஒன்று, காஸ்தீல்-போர்ச்சுகல் ஒன்று என்று பிரிந்து எட்டானது. ஒவ்வொரு மொழியின் தலைவருக்கும் சபையில் ஒரு பொறுப்பு உண்டு. இத்தாலி மொழித் தலைவர்தான் கடற்படைத் தளபதி. பிரான்சு மொழிக்கு மருத்துவமனை. ஓவெர்னுக்குத் தரைப்படை. இங்கிலாந்துக்கு உள்ளூர்க் குதிரைப்படையும் கடலோரக் காவலும்.

விடுதி என்றதும் எல்லோரும் அங்கே தூங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த மொழிக்காரர்கள் கூடிச் சாப்பிடவும், கூட்டம் நடத்தவும், நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளைத் தங்கவைக்கவும் கட்டிய இடம். பல நைட்டுகளுக்குக் கொல்லாக்கியத்திலேயே தனி வீடு இருந்தது.

இன்று பெரும்பாலும் அலுவலகங்கள், உள்ளே போவது அரிது. அது பெரிய இழப்பும் இல்லை, விஷயம் முகப்பில்தான் இருக்கிறது. மேலே ஏறும்போது வலப்பக்கம் வரிசையாக: இத்தாலி விடுதி, 1519, கரெத்தோவின் சாய்வுப் பட்டையைத் தேடுங்கள். பிறகு, ரோட்ஸில் இருந்த கடைசித் தலைவர் வில்லியே தெ லில்-ஆதாமின் மாளிகை. அடுத்து பிரான்சு விடுதி, 1492 முதல் 1509 வரை கட்டியது, தெருவிலேயே அழகானது. கீழே வளைவான பெரிய கதவுகள் கிடங்குக்கும் லாயத்துக்கும். மேலே சிலுவைச் சட்டம் போட்ட சன்னல்கள். அதற்கும் மேலே முதலை வடிவில் மழைநீர்த் தூம்புகள். அதை ஒட்டிப் பிரான்சு மொழியின் திருத்துவச் சிற்றாலயம். மேல்முனையில் 1518இல் கட்டிய புரொவான்ஸ் விடுதி. அதன் முகப்பில் நான்கு கேடயங்களைச் சிலுவை வடிவ மாடத்தில் பதித்திருப்பார்கள்: சபை, பிரான்சு அரசர், கரெத்தோ, கட்டிய நைட். இடப்பக்கம் அதற்கு எதிரே ஸ்பெயின் விடுதி.

இங்கிலாந்து விடுதி தெருவில் இல்லை. அருங்காட்சியகச் சதுக்கத்தில் மருத்துவமனைக்கு எதிரே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு 1919இல் இத்தாலியர் எழுப்பிய கட்டடம் அது. ஜெர்மனி விடுதியைத் தேடி அலையாதீர்கள், நிற்கவில்லை.

ஆழிசூழ் எழுதியது:

அரண்மனையைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்லவில்லையே. மாடியில் நைட்டுகள் காலத்து அறை என்று ஒன்றும் இல்லை. 1856இல் வெடிமருந்து வெடித்து மேல்தளம் போய்விட்டது. அதற்கு முன்பே துருக்கியர் காலத்தில் சிறைச்சாலை. இன்று பார்க்கும் மாடியறைகள், பெரிய படிக்கட்டு, கூரை எல்லாம் 1937 முதல் 1940 வரை இத்தாலிய ஆளுநர் தெ வெக்கி ஆணையில் கட்டியவை. தரையில் இருக்கும் மொசைக்குகள் கோஸ் தீவிலிருந்து பெயர்த்து வந்தவை. மெதூசா தலை, ஒன்பது கலைத்தேவியர், எதுவுமே இந்த இடத்துக்குச் சொந்தமில்லை. ஒன்றரை நாளில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

மதிலோரம் எழுதியது:

சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. முடிவோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். மாடியறைகளை வேகமாகக் கடந்துவிடலாம். அவை ஒரு ஆட்சியாளரின் கனவுமாளிகை, அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் கீழ்த்தளத்தில் இடைக்கால ரோட்ஸ் பற்றிய நிரந்தரக் கண்காட்சி இருக்கிறது, 1522 வரை வருகிறது. பானை, நாணயம், கல், ஓவியம் என்று பூர்கோவின் அன்றாட வாழ்க்கை அங்கேதான் கிடைக்கும். மாடிக்கு ஓடுகிற கூட்டம் இதைத் தவறவிடுகிறது. முதலில் கீழ்த்தளம், பிறகு தெம்பு இருந்தால் மாடி. அம்மாவுக்கும் அதுவே வசதி.

வாசலில் உள்ள இரண்டு வளைவுக் கோபுரங்களையும் வெளியிலிருந்து கவனியுங்கள். 7ஆம் நூற்றாண்டு பைசாந்தியக் கோட்டையின் இடத்தில்தான் நைட்டுகள் 14ஆம் நூற்றாண்டில் அரண்மனையை எழுப்பினார்கள். கோட்டைக்குள் கோட்டை: நகரம் விழுந்தால் கடைசியாக ஒதுங்கும் இடம்.

மணியோசை எழுதியது:

தேவாலயங்களைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் பலர் ஏமாறுவது, பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் நைட்டுகள் கட்டியதாக எடுத்துக்கொள்வதால்.

அருங்காட்சியகச் சதுக்கத்திலேயே இருக்கும் பனாயியா து காஸ்த்ரு, கோட்டை மாதா ஆலயம், 11ஆம் நூற்றாண்டு பைசாந்திய ஆலயம். நைட்டுகள் வந்ததும் அதை லத்தீன் பேராலயமாக்கினார்கள். நடுவே இருந்த குவிமாடத்தை எடுத்துவிட்டு கூர்வளைவு வைத்த கோதிக் கூரை போட்டார்கள். துருக்கியர் காலத்தில் பள்ளிவாசல். உள்ளே நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள்: கீழே நான்கு பக்கமும் சமமாக விரியும் கிரேக்கத் திட்டம், மேலே விலா எலும்பு போட்ட மேற்கத்தியக் கூரை. ஒரே கட்டடத்தில் இரண்டு திருச்சபைகள். அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே இருந்தும் பலர் நுழைவதில்லை.

சபையின் சொந்த ஆலயம் புனித யோவான் ஆலயம், அரண்மனைக்கு எதிரே இருந்தது. தலைவர்களைப் புதைத்தது அங்கேதான். ஆழிசூழ் சொன்ன 1856 வெடிப்பு நடந்ததும் அந்த ஆலயத்தில்தான். நிலவறையில் கிடந்த வெடிமருந்தில் மின்னல் இறங்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், சுற்றுப்புறமும் அழிந்தது. இன்று அந்த இடத்தில் அடித்தளத்தின் மிச்சங்கள் மட்டும். ஆலயம் எப்படி இருந்தது என்று தெரிய, பழைய நகரை விட்டு வெளியே மந்திராக்கிக்குப் போங்கள். இத்தாலியர் 1925இல் முடித்த எவாங்கெலிஸ்மோஸ் ஆலயம் பழைய வரைபடங்களை வைத்து அதன் சாயலில் கட்டியது. உள்ளே இருக்கும் சுவரோவியங்கள் பிற்பாடு ஃபோத்திஸ் கொன்தோக்லு தீட்டியவை, அவற்றுக்காகவும் போகலாம்.

தெற்கே பூர்கோவில் மூன்று இடங்கள். பனாயியா து பூர்கு: கன்னி வாசலுக்கு அருகே கூரையில்லாமல் நிற்கும் பெரிய கோதிக் ஆலயம், 14ஆம் நூற்றாண்டு. மூன்று பீடவளைவுகளும் அப்படியே நிற்கின்றன, ஆலயத்தின் உடம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாலை போகிறது. பூங்கா என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். பிந்தாரு தெருவில் புனித கத்தரீனா சத்திரம்: இத்தாலி மொழியைச் சேர்ந்த தொமெனிகோ தாலெமாஞ்ஞா 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜெருசலேம் போகும் இத்தாலிய யாத்திரிகருக்காக நிறுவியது. கூழாங்கல் தரை பார்க்க வேண்டியது. மூன்றாவது அயியோஸ் ஃபனூரியோஸ், அதே பெயருள்ள தெருவில். வாசல் சிறியது, கடை வரிசைக்குள் மறைந்திருக்கும். உள்ளே இடைக்காலச் சுவரோவியங்கள். இது இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம். தோளும் முழங்காலும் மூடிய உடை, ஃப்ளாஷ் இல்லாமல் படம், வழிபாட்டு நேரத்தில் படமே வேண்டாம்.

மதிலோரம் எழுதியது:

சொன்னபடி அகழி. கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. நைட்டுகளின் பொறியியலை அடியிலிருந்து பார்க்கும் ஒரே வழி இது. மதில்மேல் நடைபாதையும் உண்டு, அரண்மனைப் பக்கம் ஏறி தெற்கே புனித யோவான் வாசல் வரை போகலாம். ஆனால் அதற்குத் தனிச்சீட்டு, திறக்கும் நேரமும் குறைவு. ஓரங்களில் பல இடத்தில் தடுப்புக் கம்பி கிடையாது, ஏறுவதும் படிகளால். அம்மாவோடு அகழியே போதும்.

முதலில் ஒன்று: இந்த அகழியில் தண்ணீர் இருந்ததே இல்லை. பாறையை வெட்டியெடுத்த உலர் அகழி. வெட்டிய கல்தான் மதிலுக்குப் போனது. இரு பக்கச் சுவர்களின் அடியிலும் பாறையில் உளிக்கோடுகள் தெரியும்.

தாம்புவாஸ் வாசலில் தொடங்குங்கள், 1512இல் முடிந்தது. இரண்டு குட்டையான உருண்டைக் கோபுரங்களுக்கு நடுவே வாசல், மேலே வானதூதர் ஒருவர் சபையின் கேடயத்தோடு தாம்புவாஸின் கேடயத்தையும் தாங்குகிறார். உள்ளே நுழைந்ததும் வழி நேராகப் போகாமல் இரண்டு முறை வளையும். பீரங்கிக் குண்டு வாசலைத் துளைத்தாலும் நேரே நகருக்குள் பாயக்கூடாது, நுழைந்த படையும் வேகம் இழக்க வேண்டும் என்பதற்காக. பார்த்துவிட்டு வெளியே வந்து அகழிக்குள் இறங்கித் தெற்கே நடங்கள்.

இறங்கியதும் மதிலின் பகுதிகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பகுதியையும் காக்க ஒரு மொழி. தாம்புவாஸ் வாசலிலிருந்து புனித ஜார்ஜ் கோபுரம் வரை ஜெர்மனி. அங்கிருந்து ஸ்பெயின் கோபுரம் வரை ஓவெர்ன். பிறகு கன்னி கோபுரம் வரை அரகோன். புனித யோவான் வாசல் வரை இங்கிலாந்து. அதற்கப்பால் கரெத்தோ கொத்தளம் வரை புரொவான்ஸ். அங்கிருந்து துறைமுகம் நோக்கி இத்தாலி. துறைமுகப் பக்கம் காஸ்தீல், வடக்கே பிரான்சு.

புனித ஜார்ஜ் கோபுரத்தில் நின்று பாருங்கள். குதிரைமேல் புனித ஜார்ஜின் புடைப்புச் சிற்பம், கூடவே ஃப்ளுவியாவின் கேடயம். அதாவது அவர் இறந்த 1437க்கு முந்தியது. ஆனால் அந்த மெல்லிய சதுரக் கோபுரத்தைச் சுற்றிக் கனத்த பலகோணக் கொத்தளம் பின்னால் சேர்ந்திருக்கும். இந்த ஒரு இடத்தில் முழுக்கதையும் இருக்கிறது. உயரமான மெல்லிய கோபுரம் ஏணி வைத்து ஏறுபவனைத் தடுக்கக் கட்டியது. பீரங்கி வந்ததும் உயரம் பலவீனமானது, உச்சியில் அடித்தால் கோபுரம் அகழிக்குள்ளேயே சரிந்து எதிரிக்குப் படிக்கட்டாகிவிடும். 1480இல் துருக்கியத் தளபதி மெசீக் பாஷாவின் படை முற்றுகையிட்டபோது இத்தாலிப் பகுதியின் மதில் அப்படித்தான் உடைந்தது. நகரம் தப்பியது. 1481இல் நிலநடுக்கமும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு தொபுஸோன் மதிலைத் தடித்தார், அகழியை அகலப்படுத்தினார், சில இடங்களில் நடுவே பாறையை வெட்டாமல் விட்டுத் தீவு மாதிரித் திடல்களை நிறுத்தினார். தெற்கே போகப்போக அகழி இரண்டாகப் பிரிவது அதனால்தான். இடது கிளையில் நடந்தால் மதிலடியில் போவீர்கள், வலது கிளையில் மதில் கண்ணுக்கே தெரியாது. இடதைப் பிடியுங்கள்.

இந்த வேலையின் உச்சம் கரெத்தோ கொத்தளம். அரைவட்டம், குட்டை, மிகக் கனம். பீரங்கித் துளைகள் மூன்று மட்டத்தில், அகழியின் தரையைத் துடைத்துச் சுடும்படி. தாம்புவாஸ் வாசலில் தொடங்கி இங்கே வந்து நின்றால் பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் சின்னத் துளைகள்தான் உண்மையான ஆயுதம் என்பது புரியும்.

1522இல் அடி விழுந்தது முழுக்கத் தெற்கில்: அரகோன், இங்கிலாந்து, புரொவான்ஸ், இத்தாலி. சுலைமானின் ஆட்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். செப்டம்பர் 4 அன்று இங்கிலாந்துப் பகுதியில் அப்படி ஒரு வெடி மதிலைப் பிளந்தது. உள்ளே கப்ரியேலே தாதினி என்ற பொறியாளர் எதிர்ச்சுரங்கம் தோண்டினார். தோல் இழுத்துக் கட்டிய பறைகளைத் தரையில் வைத்து அதிர்வைக் கேட்டு, எங்கே தோண்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். இந்தப் பகுதியில் கல்லின் அளவும் நிறமும் திட்டுத் திட்டாக மாறுவது பிற்காலத்து ஒட்டு.

வழியெங்கும் கல்குண்டுகள் குவியலாகக் கிடக்கும். அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், உருளும்.

நிழல்தேடி எழுதியது:

மதிலோரம் சொன்ன அகழி நடைக்கு நேரம் முக்கியம். மேற்குப் பக்க அகழிக்கு மதில் கிழக்கே இருப்பதால் காலையில் முழு நிழல். தெற்குப் பக்கத்தில் மதில் வடக்கே வந்துவிடுகிறது, அங்கே நாள் முழுக்க வெயில். ஆகவே காலை 8 மணிக்கு தாம்புவாஸில் இறங்கி, 9 மணி சுமாருக்குத் தெற்கு முனையைக் கடந்துவிட வேண்டும். மதியம் 12க்கு இறங்கினால் கல்லிலிருந்து வரும் சூடே நடக்கவிடாது. அகழிக்குள் கடையும் குழாயும் கிடையாது, ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். கழிப்பறையும் இல்லை.

வெளியேற நிச்சயமான வழி தென்கிழக்கே அகாந்தியா வாசல். நடுவில் எல்லா வாசலிலும் மேலே ஏறலாம் என்று நினைக்காதீர்கள், பலவற்றில் தலைக்கு மேலே பாலம்தான் போகும். அகாந்தியாவில் மேலே வந்து உள்ளே நுழைந்தால் யூதர் பகுதி. மணியோசை சொன்ன கத்தரீனா சத்திரமும் பூர்கு மாதாவும் அங்கிருந்து கிட்டத்தில். யூதத் தியாகிகள் சதுக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரோட்ஸ், கோஸ் தீவுகளிலிருந்து 1944இல் பிடித்துச் செல்லப்பட்டு மாண்ட 1,604 பேருக்கான நினைவுக்கல் அங்கே இருக்கிறது. 1480இல் உடைந்த மதிலுக்குப் பின்னால் பெண்களும் குழந்தைகளும் கல் சுமந்து இரண்டாம் சுவர் எழுப்பியதும் இந்தப் பகுதியில்தான்.

தரை பற்றி: நைட்டுகள் தெரு உட்படப் பல தெருக்களில் கூழாங்கல்லைச் செங்குத்தாக நட்டுப் பதித்திருக்கிறார்கள். தேய்ந்து வழவழப்பானவை. மழை பெய்தால் மெல்லிய தோல் அடிச்செருப்பு வழுக்கும். கால்விரல் மூடிய, ரப்பர் அடி தடித்த காலணிதான் வேண்டும். அம்மாவுக்கு ஒரு கைத்தடி இருந்தால் நல்லது, முனையில் ரப்பர் இருக்கட்டும், இல்லாவிட்டால் கல்லிடுக்கில் மாட்டும். அகழித்தரை பெரும்பாலும் மண்ணும் சரளையும், அவருக்கு அதுதான் நைட்டுகள் தெருவைவிட எளிது. மருத்துவமனையில் மேல்கூடத்துக்குப் போக முற்றத்திலிருந்து நீண்ட வெளிப்படிக்கட்டு ஏற வேண்டும், மெதுவாக ஏறட்டும்.

கடலோடி எழுதியது:

சுற்றுலாக் கப்பலில் வந்து ஆறு மணி நேரம் மட்டும் கிடைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு, வேறு யாராவது இந்த இழையைப் படிக்கலாம். கப்பலிலிருந்து இறங்குபவர் எல்லோரும் கடல்வாசல் வழியாக உள்ளே வந்து, சொக்ராதூஸ் கடைத்தெருவில் ஏறி, அரண்மனைக்குப் போகிறார்கள். கப்பல் நாளில் காலை 9:30 முதல் மதியம் 1 வரை அரண்மனை நெரியும். நீங்கள் திருப்பிப் போடுங்கள். முதலில் மருத்துவமனை, பிறகு கோட்டை மாதா, பிறகு தெரு, கடைசியில் 2 மணிக்கு மேல் அரண்மனை. அகழியில் ஒரு துண்டு வேண்டுமென்றால் தாம்புவாஸிலிருந்து புனித ஜார்ஜ் கோபுரம் வரை போய்த் திரும்பலாம், அரைமணிகூட ஆகாது.

கடல்வாசலை வெளியே துறைமுகப் பக்கம் நின்று பாருங்கள். 1478இல் கட்டியது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மாதாவும் குழந்தையும், இருபக்கம் பேதுருவும் பவுலும். கீழே சபை, பிரான்சு அரசர், தொபுஸோன் கேடயங்கள். இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் சிதைந்து, 1951இல் சீர்செய்தது. உள்ளே ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தில் கஸ்தெல்லானியா, 1507இல் முடிந்த வணிக நீதிமன்றம். வெளிப்படிக்கட்டோடு நிற்கும், ஐந்து நிமிடம் போதும்.

வழிகாட்டி வேண்டுமென்றால் உரிமம் பெற்றவரையே அமர்த்துங்கள். கிரேக்கத்தில் அருங்காட்சியகங்களிலும் தொல்லிடங்களிலும் விளக்கம் சொல்ல அந்த உரிமம் கட்டாயம். துறைமுகத்தில் கூவி அழைப்பவர்களில் பலர் வாசல்வரை மட்டுமே வர முடியும். அருங்காட்சியகம், அரண்மனை இரண்டின் திறப்பு நேரமும் கோடையிலும் குளிர்காலத்திலும் மாறும். போவதற்கு முந்தின நாள் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் மூன்று மணி நேரம் மிஞ்சும்போல் இருக்கிறது. சுலைமான் பள்ளிவாசல் பார்க்கலாமா, அல்லது ஃபிலேரிமோஸ் குன்றா?

ஆழிசூழ் எழுதியது:

பள்ளிவாசலுக்கு வெளியிலிருந்து பத்து நிமிடம். நகரைப் பிடித்ததும் எழுப்பி, 1808இல் திரும்பக் கட்டினார்கள். வாசல் சட்டத்தின் பளிங்கை உற்றுப் பாருங்கள், நைட்டுகள் காலத்துக் கட்டடம் ஒன்றிலிருந்து எடுத்த மறுமலர்ச்சிக் காலச் செதுக்கல். எதிரே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிறுவிய முஸ்லிம் நூலகம். இரண்டும் அரண்மனையிலிருந்து இறங்கும் வழியிலேயே வருவதால் முதல் நாளே முடித்துவிடலாம்.

மணியோசை எழுதியது:

அப்படியானால் மூன்று மணி நேரமும் ஃபிலேரிமோஸுக்கு. 1306இல் நைட்டுகள் நகருக்கு முன்பே பிடித்த குன்று அது. உயரம் 267 மீட்டர். அங்கிருந்த மாதா படம் சபையின் பெரும் பக்திப் பொருள். 1523இல் கூடவே எடுத்துப் போனார்கள், பல நாடுகள் சுற்றி இன்று மொண்டெனெக்ரோவில் செத்தீன்யே நகரில் இருக்கிறது. 1484இல் சுல்தான் இரண்டாம் பயசீத் தொபுஸோனுக்கு அனுப்பிய திருமுழுக்கு யோவானின் வலக்கைத் திருப்பண்டமும் அதே ஊரில்தான்.

மேலே இருக்கும் மடாலயம் பெரும்பாலும் இத்தாலியர் திரும்பக் கட்டியது. அதற்காகப் போக வேண்டியதில்லை. அதன் அருகே நிலத்துக்குள் பாதி புதைந்த சின்னஞ்சிறு சிற்றாலயம் ஒன்று உண்டு, அயியோஸ் கெயோர்கியோஸ் ஹோஸ்தோஸ். உள்ளே ஓவியங்களில் முழங்காலிட்ட நைட்டுகள், பின்னால் அவரவர் காவல் புனிதர் தோளில் கைவைத்து மாதாவிடம் அறிமுகப்படுத்துகிறார்கள். நகரில் கேடயமாகவும் கல்லறைப் பலகையாகவும் மட்டும் பார்த்தவர்களை வண்ணத்தில் பார்க்கலாம். உள்ளே வெளிச்சம் குறைவு, பார்வை பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள். கைவிளக்கை ஓவியத்தில் நேரே அடிக்காதீர்கள்.

பேருந்து இயாலிஸோஸ் வரைதான் வசதி, மேலே சாலை நீளமான ஏற்றம். அம்மா வருவதால் மந்திராக்கியிலிருந்து டாக்ஸியில் போய், ஒரு மணி நேரம் காத்திருக்கவும் சேர்த்து முன்பே தொகை பேசிக்கொள்ளுங்கள். குன்றின் மேலிருந்து திரும்பி வர டாக்ஸி கிடைக்காது.